உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்

வீட்டில் அடைசலாகக் கிடக்கும் பழைய சாமானை இணையத்தில் ஏலம் விட்டு விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்கென்று நம் நாட்டில் இருந்த பெரிய தளம் மூடி வருஷங்கள் ஆகின்றன. 2000-இல் பாஸி டாட் காம் என்ற பெயரில் தொடங்கியது அது. 2004-இல் அமெரிக்காவின் ஈபே அதை வாங்கியது. 2017-இல் ஈபேயின் இந்தியக் கிளை ஃப்ளிப்கார்ட்டின் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14 அன்று ஃப்ளிப்கார்ட் அதை மூடிவிட்டது. இன்று சாதாரணக் குடும்பத்துக்கு மிச்சமிருப்பவை விளம்பரத் தளங்கள்: ஓஎல்எக்ஸ், குவிக்கர், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், அப்புறம் தெருவுக்கு ஒன்றாக இருக்கும் வாட்ஸ்அப் குரூப். இவற்றில் சுத்தியல் தட்ட ஆள் கிடையாது. ஏலம் உங்கள் போனுக்குள்ளேயே நடக்கும். நடத்த வேண்டியவர் நீங்கள்.

வடசென்னைக் கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு இது பெரிய சிரமமாக இருக்கக் கூடாது. பொழுது விடிவதற்குள் காசிமேட்டில் மீன் ஏலம் போய்விடுகிறது. ஏலச்சீட்டு பிடிக்காத தெரு இந்தப் பக்கம் இல்லை. துறைமுகத்திலும் ஓர் ஏலம் உண்டு. இறக்கிய சரக்கை 30 நாளுக்குள் உரியவர் வந்து எடுக்காவிட்டால், அவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு விற்க 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இடம் தருகிறது. எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தளத்தில் இப்படிப்பட்ட சரக்குகள் மின்னேலத்துக்கு வரும். அந்த ஏலங்களின் அடிப்படை விதி, ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’. பொருள் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் விற்பனை. எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒப்படைப்பு. முன்கூட்டியே வந்து பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டியபின் தூக்கிப் போவது வாங்கியவர் பாடு. மாடி வீட்டுக்காரர் தன் பழைய ஃப்ரிட்ஜை விற்கவும் இதைவிட நல்ல விதி இல்லை. கீழே சொல்லும் வேலையெல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான்.

வேலை பொறுக்கி எடுப்பதில் ஆரம்பிக்கிறது. பரணையும் கட்டிலுக்கு அடியையும் ஒருநாள் காலியாக்கி, கிடைப்பதைக் கூடத்தில் பரப்பிப் பாருங்கள். விற்கக் கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள். கேஸ் அடுப்பை விற்கலாம், சிலிண்டரை விற்க முடியாது. அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. இணைப்பை ஒப்படைத்தால் ஏஜென்சியில் டெபாசிட் திரும்ப வரும். அரசு கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன், மாணவர் லேப்டாப் ஆகியவற்றின் மேல் அரசு முத்திரை இருக்கும். பயனாளியின் உபயோகத்துக்கென்று தந்தவை அவை. முத்திரை தெரியப் படம் எடுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பதில் சொல்லித் திரிய வேண்டாம்; வேண்டாமென்றால் சொந்தக்காரப் பிள்ளை யாராவது உபயோகிக்கட்டும். ஸ்கூட்டர், பைக் இருந்தால் அது வேறு கணக்கு. படிவம் 29, 30 போட்டு ஆர்டிஓ ஆபீஸில் பெயர் மாற்றும் வரை அந்த வண்டி செய்வதெல்லாம் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். பாட்டி காலத்துப் பித்தளைச் சிலை, குத்துவிளக்கு என்று ஏதாவது இருந்தால் நிதானம் தேவை. நூறு வருஷம் கடந்த கலைப்பொருளுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது.

மிச்சம் இருப்பவற்றில் எது போகும், எது போகாது? நல்ல நிலையில் இருக்கும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இரும்பு பீரோ, கட்டில், தையல் மெஷின், குழந்தை சைக்கிள், படிக்கும் மேஜை எல்லாம் போகும். மெத்தை, தலையணை, பிளாஸ்டிக் குடம், பின்பக்கம் புடைத்த பழைய டிவி போகாது. அவற்றுக்குப் படம் எடுக்கும் நேரம்கூட வீண். அவற்றைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

எப்போது விற்பது என்பதும் விலையில் கால்வாசி. நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். தை பிறந்ததும், ஆவணியிலும் மாறுவார்கள். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் தேடுவதும் அப்போதுதான். போகிக்கு முந்தின வாரம் எல்லா வீட்டிலும் வெள்ளையடித்துப் பரண் காலியாகும். விற்பவர் கூட்டம் அதிகமானால் விலை தானாக இறங்கும். பத்து நாள் பொறுத்துத் தையில் போடுங்கள். ஏர்கூலரையும் ஃப்ரிட்ஜையும் மாசி, பங்குனியிலேயே விளம்பரத்தில் ஏற்றிவிட வேண்டும். தீபாவளிக்குக் கடைகளில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் வந்துவிட்டால் பழையதைத் தேடி வருபவர் குறைவு. அம்மாவோ மாமியாரோ வெள்ளிக்கிழமை பீரோவை வாசல் தாண்ட விட மாட்டார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும். ஆள் வைத்து, வண்டி பேசி, பணத்தோடு வந்து நிற்பவரிடம் அந்த நேரத்தில் போய்ச் சொல்ல முடியாது.

அடுத்து விலை. விளம்பரம் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று தொகைகளை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். முதலாவது அடிவிலை. தெருமுனைக் காயலாங்கடையில் எடை போட்டு என்ன தருவார்கள், புதுசு வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு என்ன கழிப்பார்கள் என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். எது அதிகமோ அதுதான் அடி. அதற்குக் கீழே கேட்பவரிடம் பேசுவதே நேரக்கேடு. இரண்டாவது, உங்கள் மனசுக்குள் இருக்கும் விலை. மூன்றாவது விளம்பரத்தில் போடும் விலை. இது மனவிலையைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். பேரம் பேசிக் குறைத்தோம் என்ற திருப்தி இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு செங்கல்கூடக் கைமாறாது. தளத்தில் அதே மாடலை மற்றவர்கள் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆனால் அது அவர்கள் கேட்கும் விலை. விற்ற விலை இல்லை. இரண்டு மாதமாக அசையாமல் கிடக்கும் விளம்பரம் உங்களுக்குச் சொல்வது, அந்த விலைக்குப் போகாது என்பதைத்தான்.

கனமான பொருளில் இன்னொரு கழித்தல் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒருவர் பீரோவுக்கு நல்ல விலை சொல்வார். குட்டி யானை வாடகை, ஏற்று இறக்குக் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு, வந்து நின்று அந்தத் தொகையை உங்கள் விலையில்தான் கழிப்பார். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ இருப்பவர் ஐநூறு குறைத்துக் கேட்டாலும் ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிப் போய்விடுவார். பெரிய சாமானுக்குப் பக்கத்து ஆள்தான் நல்ல ஆள். போன், கேமரா, வாட்ச் என்றால் தூரம் பொருட்டில்லை.

படம் எடுப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில், பாதி துணிக்கொடியும் மீதி பொருளுமாக ஒரே ஒரு படம் எடுத்துப் போடுவார்கள். காலை பத்து மணி வாக்கில் ஜன்னலோரம் அல்லது மொட்டை மாடியில் எடுங்கள். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, உள்ளே, பின்பக்கம். கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர், ஸ்டார் ரேட்டிங் லேபிள். கட்டில், மேஜை என்றால் டேப்பை விரித்து வைத்து ஒரு படம்; நம் வீட்டு வாசலும் படிக்கட்டும் எவ்வளவு குறுகல் என்று வாங்குபவருக்கும் தெரியும், அவர் வீடும் அப்படித்தான் இருக்கும். ஓடும் சாமானை ஓடவிட்டு அரை நிமிஷ வீடியோ எடுத்து வையுங்கள். பின்னணியில் குடும்பப் படமோ, பிள்ளையின் பள்ளிச் சீருடையோ, கதவு எண்ணோ, சுவரில் ஒட்டிய ஈபி அட்டையோ தெரியாமல் இருக்க வேண்டும்.

பழுதை ஒளிக்காதீர்கள். கிட்டப் போய்ப் படம் எடுங்கள். கடல்காற்றில் ஃப்ரிட்ஜின் அடிப்பகுதி துரு பிடிப்பது ராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லா வீட்டிலும் உண்டு. அதைப் பார்த்து யாரும் ஓடிப்போக மாட்டார்கள். வெள்ளம் வேறு விஷயம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. விவரம் தெரிந்தவர் வந்ததும் முதலில் குனிந்து மோட்டார் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணில நின்னுச்சா?” என்றுதான் கேட்பார். நின்றிருந்தால், எந்த மழையில், எவ்வளவு உயரம், அப்புறம் என்ன மாற்றினீர்கள் என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். நேரில் வந்து கண்டுபிடிக்கிற பழுதுக்கு ஆயிரம் குறைப்பார்கள்; முன்பே படித்துவிட்டு வருகிற பழுதுக்கு, அதைக் கழித்துத்தானே விலை போட்டிருக்கிறீர்கள் என்று விட்டுவிடுவார்கள்.

எழுதுவது இவ்வளவு இருந்தால் போதும்:

“சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். 2017-ல் வாங்கியது, பில் உள்ளது. கூலிங் நன்றாக இருக்கிறது. காய்கறி ட்ரே உடைந்துள்ளது, கதவு ரப்பர் கீழ்ப்பக்கம் தளர்வு, அடியில் துரு. வெள்ளத்தில் நனையவில்லை. முதல் மாடி, படி குறுகல். ஆள் வைத்து நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அருகில். ஞாயிறு காலை 10 முதல் 1 வரை வந்து பார்க்கலாம்.”

‘சூப்பர் கண்டிஷன்’, ‘அவசர விற்பனை’ போன்ற சொற்களைத் தவிர்க்கலாம். முன்னதை யாரும் நம்புவதில்லை. பின்னதைப் பார்த்தால் பாதி விலைக்குக் கேட்பார்கள். தலைப்பை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை போடுங்கள், தேடுபவர்களில் பலர் அப்படித்தான் தட்டுகிறார்கள். தளத்தில் சேர மொபைல் எண்ணும் ஓடிபியும் போதும். எண்ணை மறைத்துச் சாட்டில் மட்டும் பேசும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இடம் குறிக்கும்போது கொருக்குப்பேட்டையோடு வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பெயர்களும் விவரத்தில் இருக்கட்டும். கேட்டுக்கு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். சரக்கு ரயிலுக்குக் கேட் மூடினால் வண்டியோடு நிற்பவர் உங்களைத்தான் திட்டுவார்.

விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வரும் மெசேஜ்களில் பெரும்பாலானவை இரண்டே வகை. “இன்னும் இருக்கா?” ஒன்று, “லாஸ்ட் ப்ரைஸ் எவ்ளோண்ணா?” இன்னொன்று. பார்க்காத பொருளுக்குக் கடைசி விலை சொன்னால், நேரில் வரும்போது அந்தக் கடைசி விலையிலிருந்துதான் பேரமே தொடங்கும். “நேர்ல வந்து பாருங்கண்ணா, பாத்துட்டுப் பேசிக்கலாம்” என்று ஒரே வரியில் முடியுங்கள். வர நினைப்பவர் வழி கேட்பார். சும்மா கேட்பவர் அதோடு காணாமல் போவார். எனக்காக வைத்திருங்கள் என்பவரிடம் ஐநூறு ரூபாயாவது முன்பணம் வாங்காமல் நிறுத்தி வைக்காதீர்கள்.

ஒரே பொருளுக்கு உண்மையாகவே மூன்று, நான்கு பேர் போட்டியிட்டால் குட்டி ஏலமே நடத்திவிடலாம். அதற்குத் தெரு வாட்ஸ்அப் குரூப்தான் தோது. ஆளும் தெரிந்த ஆள், தூரமும் கிடையாது. விதியை முதல் மெசேஜிலேயே எழுதிவிட வேண்டும்: ஆரம்ப விலை 1,500, குறைந்தது 100 ஏற்ற வேண்டும், ஞாயிறு இரவு 8 மணியோடு முடிவு, கேட்பவர்கள் குரூப்பிலேயே எழுத வேண்டும், தனி மெசேஜில் சொல்லும் விலை செல்லாது, மறுநாள் மாலைக்குள் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு. 7.59-க்குக் கடைசி ஆள் வந்து நூறு ரூபாய் ஏற்றித் தட்டிச் செல்வது ஈபேயிலும் நடந்த தந்திரம்தான். இதைத் தடுக்க, கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மச்சானை விட்டு விலை ஏற்ற வேண்டாம். ஈபேயில் அது விதிமீறல். உங்கள் தெருவில் மச்சான் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பணம் வாங்கும் இடத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஏமாற்றுகிறவரின் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தன்னை ராணுவத்தில் இருப்பவர் என்று சொல்லி, அடையாள அட்டைப் படம்கூட அனுப்புவார். சாமானைப் பார்க்கக் கேட்க மாட்டார், விலையைக் குறைக்கவும் மாட்டார். கொருக்குப்பேட்டை ஃப்ரிட்ஜுக்கு ஒருவர் பேரமே பேசவில்லை என்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் ஏறும் என்பார். பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேதான் போகும். உள்ளே வருவதற்கு எந்த எண்ணும் எங்கேயும் தட்ட வேண்டியதில்லை. பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை ‘வரவு’ என்று காட்டி ஏமாற்றிய வழியை, தனிநபர்களுக்கு இடையே 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. க்யூஆர் கோடு வழி இன்னும் திறந்தே இருக்கிறது. ‘தப்பா இருபதாயிரம் அனுப்பிட்டேன், மீதியைத் திருப்புங்க’ என்பது இன்னொரு வகை. கூடவே வங்கி மாதிரியே ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரும். எஸ்எம்எஸ்ஸையோ ஸ்க்ரீன்ஷாட்டையோ பார்க்காதீர்கள். வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பணம் போய்விட்டால் 1930 எண்ணுக்கு அப்போதே கூப்பிட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் அது வேறு வேறு கணக்குகளுக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

பழைய நாணயம், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு லட்சத்துக்குப் போகும் என்று வரும் விளம்பரங்களையும் இதே கணக்கில் சேருங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வாங்க வருகிறவர் உங்களிடம் முதலில் பணம் கேட்டால் அவர் வாங்க வரவில்லை.

பொருளைக் காட்டும் நாள். சின்னச் சாமானை வீட்டில் காட்ட வேண்டியதில்லை. தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையமோ தியாகராயர் கல்லூரி மெட்ரோ நிலையமோ போதும்; கேமராவும் ஜனமும் இருக்கும் இடம். பெரிய சாமானுக்கு வீட்டுக்குத்தான் வர வேண்டும். பகலில் வரச் சொல்லுங்கள், கூட ஒரு ஆள் இருக்கட்டும், முடிந்தால் பொருளைக் கீழே வாசலுக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஃப்ரிட்ஜை ஓடும் நிலையில் காட்டுங்கள். விலை படிந்தபின் அணைத்து, ஐஸ் உருகித் தண்ணீர் வடிந்த பிறகு ஏற்றட்டும். படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டுபோக வேண்டும், இறக்கியதும் சில மணி நேரம் கழித்து ஸ்விட்ச் போட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். சொல்லாமல் விட்டால் மறுநாள் காலையில் போன் வரும். பீரோவில் லாக்கரையும் துணிக்கம்பிக்குப் பின்னால் உள்ள இடுக்கையும் கை விட்டுத் தடவிப் பாருங்கள். அடகுச் சீட்டுகள் தங்கும் இடம் அது.

போன் விற்பவர் கூகுள் கணக்கிலிருந்து வெளியே வந்த பிறகே ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் வாங்கியவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு அது பூட்டிக்கொள்ளும். *#06# தட்டினால் வரும் ஐஎம்இஐ எண்ணை எழுதி வையுங்கள். திருட்டுப் போன் இல்லை என்று வாங்குபவர் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ள முடியும். அவரே கேட்காவிட்டாலும் காட்டுங்கள். தேதி, பொருள், எண், தொகை, ‘உள்ளது உள்ளபடி பார்த்து வாங்கிக்கொண்டேன்’ என்ற வரி, இரண்டு கையெழுத்து என ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டால் போதும். பணம் கணக்கில் ஏறிய பிறகே பொருள் வண்டியில் ஏற வேண்டும். அன்று இரவே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்.

போகாமல் நின்றவை இருக்கின்றனவே. இரண்டு வாரம் பார்த்து விலையைக் குறையுங்கள், இன்னொரு முறை படத்தை மாற்றிப் போடுங்கள், அதற்கு மேல் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். இரும்பும் பித்தளையும் காயலாங்கடைக்கு. பழைய குண்டு டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது; அதை உடைத்துச் செம்பு எடுப்பவரிடம் கொடுப்பதும், கால்வாய் ஓரம் போடுவதும் நம் தலையிலேயே விடியும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும். மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டால் மெத்தை, சோபா, மின்கழிவுக்கு வழி சொல்வார்கள். போகிக் காலையில் அவற்றைக் கொளுத்தினால் அந்தப் புகை கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக் காற்றோடு சேர்ந்து நம் ஜன்னலுக்கே வரும்.

புத்தகங்களை மட்டும் எந்தத் தளத்திலும் ஏற்றச் சொல்ல மாட்டேன். ஐம்பது ரூபாய் நாவலுக்குக் கூரியர் நூறு ரூபாய் ஆகும். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தபின் அங்கிருந்த பழைய புத்தகக் கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். கொருக்குப்பேட்டையில் ஏறும் சென்ட்ரல் புறநகர் ரயில் அதன் அருகில்தான் போய் நிற்கிறது. அங்கே கிலோ கணக்கில் எடை போட விடாமல், ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வைத்து விலை பேசுங்கள். கைடும் நோட்ஸும் கடைசியில் வரட்டும்.